மனிதவள உத்தி: அடுத்த சில ஆண்டுகளுக்கு யார் வேண்டும், அவர்களை எப்போது தேடத் தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனத்தின் மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்கள், அதற்கென்று தனி ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் தாங்களே பார்க்கும் நிறுவனர்கள், "அடுத்த மூன்று வருஷத்துக்கு ஒரு எச்.ஆர். ஸ்ட்ராட்டஜி போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று மேலிடம் சொல்லிவிட்டதால் எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்கள், இவர்களுக்காக எழுதியது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு எது அவசரமோ அந்தக் கேள்விக்குப் போகலாம்.

மனிதவள உத்தி என்றால் என்ன? வருஷா வருஷம் போடும் ஆளெடுப்புத் திட்டம் போதாதா?

ஆளெடுப்புத் திட்டம் காலியிடங்களைப் பார்க்கிறது. யார் போனார்கள், அந்த இடத்தில் யாரைப் போடலாம், பட்ஜெட் எவ்வளவு. அது வேண்டியதுதான், ஆனால் அது நேற்றைய அமைப்பை அப்படியே நாளைக்கும் நகல் எடுக்கிற வேலை. உத்தி பார்ப்பது வேலையை. மூன்று ஆண்டு கழித்து இந்த நிறுவனம் என்ன செய்து வருமானம் ஈட்டப் போகிறது, அதைச் செய்ய என்ன தெரிந்தவர்கள் எத்தனை பேர் தேவை, இன்று நம்மிடம் யார் இருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எந்த வழியில், எந்த மாதத்திலிருந்து நிரப்பத் தொடங்குவது. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் உத்தி இருக்கிறது. "எந்த மாதத்திலிருந்து" என்பதைத்தான் பெரும்பாலான ஆவணங்கள் விட்டுவிடுகின்றன. என்னைக் கேட்டால் மொத்த உத்தியின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை ஆண்டுகளுக்குப் போடுவது? மூன்றா, ஐந்தா, பத்தா?

உங்களுக்கு வேண்டிய திறமைகளில் எது உருவாக அதிக காலம் பிடிக்கிறதோ, அந்தக் காலம்தான் உங்கள் திட்டத்தின் நீளம். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவரைச் சில வாரங்களில் தயார்படுத்திவிடலாம். ஒரு சிறப்பு மருத்துவர் உருவாக, படிப்பில் சேரும் நாளிலிருந்து எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். 2030-ல் உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடி மருத்துவத் துறைப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பற்றாக்குறையை எந்த மருத்துவமனையும் ஒரே ஆண்டின் பட்ஜெட்டில் பணத்தைக் கூட்டித் தீர்த்துவிட முடியாது, ஏனென்றால் எடுப்பதற்கு ஆளே இருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் ஒவ்வொரு முக்கியப் பணிக்கும் இதை எழுதுங்கள்: புதிதாக ஒருவரைத் தேடத் தொடங்கும் நாளிலிருந்து, அவர் யாருடைய துணையும் இல்லாமல் முழு வேலையையும் செய்யும் நாள் வரை எத்தனை மாதம்? தேடும் காலம், அவர் பழைய இடத்தில் முடிக்க வேண்டிய நோட்டீஸ் காலம், பயிற்சி, பிறகு வேலை கைவரும் காலம் என எல்லாம் சேர்த்து. இதைக் கணக்கிட்டுப் பார்க்காதவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் "மூன்று மாதம்". உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் பல பணிகளுக்கு ஒன்றரை ஆண்டு வரும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அடுத்த மூன்று ஆண்டு விவரமாகவும், அதற்கு அடுத்த இரண்டு ஆண்டு கோட்டோவியமாகவும் இருந்தால் போதும்.

எதிர்காலத்தை யாராலும் சொல்ல முடியாதே, பிறகு எதற்கு இவ்வளவு சிரமம்?

சொல்ல முடியாது என்பதால்தான் ஒரே ஒரு எதிர்காலத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு 1970-களின் தொடக்கத்தில் செய்தது இதுதான். எண்ணெய் விலை இப்படியே போகும் என்று ஒரே கோடு போடாமல், இப்படி நடந்தால் என்ன, அப்படி நடந்தால் என்ன என்று பல சூழல்களைக் கதைகளாகவே எழுதி, அதிகாரிகளை ஒவ்வொன்றையும் யோசிக்க வைத்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்தச் சூழலை ஏற்கெனவே மனதில் ஓட்டிப் பார்த்தவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

ஆட்களைப் பற்றிய திட்டத்திலும் மூன்று சூழல் போதும். வளர்ச்சி எதிர்பார்த்தபடி போனால், பாதியாகக் குறைந்தால், நம் தொழிலின் அடிப்படைத் தொழில்நுட்பமே மாறினால். மூன்றிலும் எந்தத் திறமைகள் வேண்டியிருக்கின்றன என்று பாருங்கள். மூன்றிலும் வருகிறவை சில இருக்கும், அவற்றில் இன்றே தயங்காமல் முதலீடு செய்யலாம். ஒரே ஒரு சூழலில் மட்டும் வருகிறவற்றுக்கு நிரந்தர ஆட்களை எடுக்காமல் ஒப்பந்தப் பணியாளர்கள், வெளி ஆலோசகர்கள், அல்லது உள்ளேயே இரண்டு பேரை அந்தப் பக்கம் பழக்கிவைப்பது என்று கொஞ்சம் நெகிழ்வாக வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்து முடித்தால் "எதிர்காலம் தெரியாது" என்கிற பயத்தில் பாதி காணாமல் போகும்.

சரி, முதல் நாள் எங்கே தொடங்குவது?

எச்.ஆர். அறைக்குள் தொடங்காதீர்கள். விற்பனை, உற்பத்தி, நிதி, தொழில்நுட்பம் என்று ஒவ்வொரு பிரிவின் தலைவரிடமும் போய் உட்காருங்கள். "உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்" என்று கேட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "இரண்டு ஆண்டு கழித்து உங்கள் பிரிவு இன்று செய்யாத எதைச் செய்யப் போகிறது? இன்று செய்கிற எதை நிறுத்தப் போகிறது? நாளைக் காலை யார் வராமல் போனால் வேலை நின்றுவிடும்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் நிறுவன வரைபடத்தின் உச்சியில் இருக்க மாட்டா. பழைய மென்பொருளின் உள்கட்டமைப்பை அறிந்த ஒரே ஒரு பொறியாளர், முக்கிய வாடிக்கையாளரோடு பதினைந்து வருஷமாகப் பேசிவரும் ஒரு கணக்காளர், இப்படித்தான் வரும். அந்தப் பட்டியல்தான் உங்கள் உத்தியின் முதல் பக்கம்.

எண்ணிக்கையை எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நிறுவனத்தில் 240 சேவைத் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். வேலையின் அளவு ஆண்டுக்கு 10 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள், அப்படியென்றால் மூன்று ஆண்டில் இதே வேகத்தில் வேலை செய்ய 319 பேர் வேண்டும். புது மென்பொருள் வருவதால் 15 சதவீத வேலை மிச்சமாகும் என்று வைத்தால் 271. இங்கே நிறுத்திவிட்டு "இன்னும் 31 பேர் எடுத்தால் போதும்" என்று அறிக்கை கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆண்டுக்கு 12 சதவீதம் பேர் விலகுகிறார்கள். இன்றைய 240 பேரில் மூன்று ஆண்டு முடிவில் மிஞ்சுவது ஏறக்குறைய 164. அவர்களில் 14 பேர் ஓய்வு பெறும் வயதை எட்டிவிடுவார்கள், ஆக 150. தேவை 271, இருப்பு 150, எடுக்க வேண்டியது 121 பேர். முப்பத்தொன்று எங்கே, நூற்று இருபத்தொன்று எங்கே! இதுவும்கூடக் குறைவான கணக்குதான், ஏனென்றால் புதிதாகச் சேருகிறவர்களிலும் சிலர் விலகுவார்கள், பொதுவாக முதல் ஆண்டில்தான் அது அதிகமாக இருக்கும். அப்புறம், ஒருவர் தனியாக வேலை செய்ய ஒன்பது மாதம் ஆகும் என்றால் கடைசித் தொகுதியை மூன்றாம் ஆண்டின் முதல் காலாண்டுக்குள் சேர்த்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு எடுப்பவர்கள் அந்த ஆண்டு முடிவுக்குள் முழு ஆளாக மாட்டார்கள்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: விலகல் சதவீதத்தை நிறுவனம் முழுவதற்கும் ஒரே எண்ணாகப் போடாதீர்கள். பிரிவு வாரியாக, பணிக்காலம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்தத்தில் 10 சதவீதம் என்று சாதுவாகத் தெரிகிற எண்ணுக்குள் ஒரு பிரிவு 3 ஆகவும் இன்னொன்று 30 ஆகவும் இருக்கலாம்.

எங்களிடம் என்ன திறமை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அதை எப்படிக் கணக்கெடுப்பது?

பதவிப் பெயரை வைத்துக் கணக்கெடுக்காதீர்கள், அறிவை வைத்துக் கணக்கெடுங்கள். இதற்குப் புகைப்படச் சுருள் தொழிலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975-லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிக் காட்டினார், ஆகவே அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிறுவனத்தின் வருமானமும் அதன் பெரும்பாலான ஆட்களும் சுருளைச் சுற்றியே இருந்தார்கள், 2012-ல் அது திவால் பாதுகாப்பு கோரியது. அதே தொழிலில் இருந்த ஃபியூஜிஃபிலிம், 2000-க்குப் பிறகு சுருள் விற்பனை சரியத் தொடங்கியதும் தன்னிடம் உள்ள அறிவு என்னென்ன என்று பார்த்தது. சுருள் செய்கிறவர்களுக்கு, நம் தோலிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றித் தெரியும், நிறம் மங்காமல் தடுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வேதியியல் தெரியும், நுண்துகள்களைக் கையாளத் தெரியும். அந்த அறிவை வைத்து 2007-ல் அஸ்டாலிஃப்ட் என்ற சருமப் பராமரிப்புப் பொருட்களைக் கொண்டுவந்தது, மருந்துத் துறையிலும் இறங்கியது. "சுருள் தயாரிப்பு வேதியியலாளர்" என்று மட்டும் பதிவேட்டில் இருந்திருந்தால் அந்த ஆட்களை உபரி என்று கணக்கெழுதியிருப்பார்கள்.

நடைமுறையில், ஒவ்வொரு பணியாளரிடமும் நாற்பது திறன் கொண்ட படிவத்தைக் கொடுத்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் ஆறு மாதத்தில் அந்தப் பட்டியல் செத்துவிடும். முக்கியமான பத்துப் பன்னிரண்டு திறன்களை மட்டும் எடுத்து, யார் தனியாகச் செய்வார்கள், யார் உதவியோடு செய்வார்கள், யார் பிறருக்குக் கற்றுக்கொடுப்பார்கள் என்ற மூன்று நிலைகளில் மேலாளரும் பணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். முந்தைய வேலையில் என்ன செய்தார்கள், வேறு என்ன மொழி தெரியும், எதைக் கற்க விருப்பம் என்பதையும் கேளுங்கள். நம்மில் பலர் பல ஆண்டு ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம், அந்தக் கேள்வியை யாரும் நம்மிடம் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து எடுப்பதா, உள்ளே இருப்பவரை வளர்ப்பதா?

நேரம் இருந்தால் உள்ளே இருப்பவரை வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. வார்ட்டன் வணிகப் பள்ளியின் ஆய்வாளர் மாத்யூ பிட்வெல் ஒரு முதலீட்டு வங்கியின் பணியாளர் பதிவுகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவு பலருக்கும் அதிர்ச்சி தந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள், அதே பணிக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதலாகச் சம்பளம் பெற்றார்கள், ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அவர்களுடைய செயல்திறன் மதிப்பீடு குறைவாகவே இருந்தது, விலகுவதும் நீக்கப்படுவதும் அதிகமாக இருந்தது. ஒரு நிறுவனத்துக்குள் வேலை நடக்கும் விதம், யாரிடம் எதைக் கேட்பது என்ற அறிவு, இதெல்லாம் விண்ணப்பத்தில் தெரியாது, புதிதாக வருபவர் அவற்றை முதலிலிருந்து கற்க வேண்டும்.

அதற்காக வெளி ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே யாருக்குமே தெரியாத துறையில் இறங்கும்போது, அல்லது எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரியும்போது வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுக்கும்போது நேர்முகத் தேர்வைச் சும்மா அரட்டையாக விடாதீர்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே முடிவு செய்த மதிப்பெண் அளவுகோல் என்ற கட்டமைக்கப்பட்ட நேர்முகத் தேர்வு, ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்று கணிப்பதில் முன்னணியில் நிற்கிறது என்பதைப் பணியாளர் தேர்வு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளிவந்த பெரிய மறு ஆய்வு காட்டியது. பத்து நிமிடத்தில் "ஆள் சரியானவர் என்று மனசு சொல்கிறது" என்று எடுக்கும் முடிவுக்கு அப்படி எந்த ஆதரவும் கிடையாது.

பயிற்சிக்குச் செலவு செய்துவிட்டு அவர் விலகிப் போய்விட்டால்?

போகத்தான் செய்வார்கள், சிலர். ஆனால் பயிற்சி கொடுக்காமல் வைத்திருப்பவர்களும் போகிறார்கள், அதில் நன்றாகச் செய்கிறவர்கள்தான் முதலில் போகிறார்கள், கற்காதவர்கள் தங்கிவிடுகிறார்கள். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று யோசியுங்கள்.

பயிற்சி வீணாவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. ஒருவரைப் புதிய தொழில்நுட்பம் கற்க அனுப்புகிறோம், அவர் கற்றுத் திரும்புகிறார், அதே பழைய நாற்காலி, அதே பழைய வேலை. கற்றதைச் செய்து பார்க்க இடமே இல்லை. ஆறு மாதத்தில் மறந்துவிடும், அல்லது செய்து பார்க்க இடம் கொடுக்கிற வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஆகவே பயிற்சிக்கு ஆளை அனுப்பும் முன்பே, திரும்பி வந்த முதல் மாதத்தில் அவர் எந்தத் திட்டத்தில் சேருவார் என்று எழுதிவையுங்கள். அதை எழுத முடியவில்லையென்றால் அந்தப் பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவு பாதி வேலைகளைத் தின்றுவிடும் என்கிறார்களே, பிறகு ஆட்களுக்கு எதற்குத் திட்டம்?

இந்தக் கேள்வி இப்போது எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது, பயமும் உண்மையானது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவின் வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் பெரும் அபாயத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2019-ல் தன் உறுப்பு நாடுகளுக்குச் சொன்ன எண் 14 சதவீதம், அதோடு இன்னொரு 32 சதவீத வேலைகள் பெரிய அளவில் உருமாறும் என்றது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுசாக ஒரே பொருளாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஒரே தொழிலுக்குள் ஒவ்வொருவரும் உண்மையில் அன்றாடம் செய்யும் பணிகளைப் பிரித்துப் பார்த்தது. கணக்காளர் என்றால் பதிவு போடுவது மட்டும் கிடையாதே, வாடிக்கையாளரிடம் பேசுவது, சந்தேகத்துக்கிடமான ரசீதை மோப்பம் பிடிப்பது, புது விதி வந்தால் அதன் பொருளைத் தீர்மானிப்பது எல்லாம் இருக்கிறது.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு முக்கியப் பணியையும் எட்டுப் பத்து வேலைகளாகப் பிரியுங்கள். எது இயந்திரத்துக்குப் போகும், எதில் இயந்திரம் துணையாக இருந்து மனிதர் முடிவெடுப்பார், எது மனிதரிடமே இருக்கும், எந்த வேலை புதிதாகப் பிறக்கும் என்று குறியுங்கள். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையில், 2030-க்குள் பணியாளர்களின் அடிப்படைத் திறன்களில் 39 சதவீதம் மாறும் என்று வேலை கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதாகவும், 17 கோடி வேலைகள் புதிதாக உருவாகி 9.2 கோடி மறையும் என்றும் இருக்கிறது. இவை உலகம் முழுவதற்குமான எதிர்பார்ப்புகள், உங்கள் நிறுவனத்தின் எண்ணை நீங்கள்தான் இப்படிப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொடக்கநிலை வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு "அனுபவசாலிகள் மட்டும் போதும்" என்று முடிவெடுப்பது இன்று மலிவாகத் தெரியும். ஆனால் அனுபவசாலி எங்கிருந்து வருகிறார்? தொடக்கநிலையில் தப்பும் தவறுமாகச் செய்து பழகியவர்தானே! அந்தப் படியை எடுத்துவிட்டால் சில ஆண்டுகளில் மேலே ஏற ஆளே இருக்காது.

ஆளெடுப்பிலேயே செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

நேர்முகத் தேர்வுக்கு நேரம் ஒதுக்குவது, விண்ணப்பதாரரின் பொதுவான கேள்விகளுக்குப் பதில் சொல்வது போன்றவற்றுக்குத் தாராளமாக. யாரை நிராகரிப்பது என்பதை அதன் கையில் விடாதீர்கள். அமேசான் 2014 முதல் விண்ணப்பங்களை மதிப்பிடும் ஒரு கருவியை உருவாக்கிவந்தது. பத்து ஆண்டு பழைய விண்ணப்பங்களை வைத்துப் பழக்கியதால், அவற்றில் ஆண்களே அதிகம் இருந்ததால், பெண்கள் அமைப்புகளைக் குறிப்பிடும் சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டதை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. 2024-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆளெடுப்புக் கருவிகளை உயர் அபாய வகையில் வைத்திருக்கிறது. எதிர்காலத்துக்கான உத்தி என்று சொல்லிக்கொண்டு, நேற்றைய பாரபட்சத்தைக் கணினியில் ஏற்றிவிடக் கூடாது.

வாரிசுத் திட்டம் பெரிய பதவிகளுக்கு மட்டும்தானா?

வாரிசுத் திட்டம் என்றால், ஒரு பணியில் இருப்பவருக்குப் பிறகு அதை யார் ஏற்பார் என்று முன்கூட்டியே தயார்செய்வது. அதைத் தலைமைப் பதவிகளுக்கு மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முன்பு சொன்ன "நாளை வராவிட்டால் வேலை நின்றுவிடும்" பட்டியலில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் இரண்டு பெயர் வேண்டும்: அவசரத்துக்கு நாளையே நின்று சமாளிப்பவர், இரண்டு ஆண்டில் முழுப் பொறுப்பை ஏற்கக்கூடியவர். இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

பெயர் எழுதிப் பூட்டி வைப்பது திட்டம் ஆகாது. அந்த இரண்டாவது ஆளுக்கு இந்த ஆண்டு என்ன பொறுப்பு புதிதாகக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி. மூத்தவர் விடுப்பில் போகும்போது இவர் உண்மையான முடிவுகளை எடுக்கட்டும், மூத்தவர் திரும்பி வந்து அதைப் பார்த்துப் பேசட்டும். ஓய்வு பெறுகிறவர் கடைசி வாரத்தில் எழுதிக் கொடுக்கும் குறிப்பேட்டில் நடைமுறை இருக்கும், ஆனால் விதிவிலக்குகள் இருக்காது, அவரிடம் இருந்த உண்மையான அறிவே விதிவிலக்குகள் பற்றியதுதான். ஒரு முழு ஆண்டுச் சுழற்சியையாவது இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் அவை கைமாறும்.

மந்தநிலை வந்தால் ஆளெடுப்பை நிறுத்துவதும், எல்லாப் பிரிவிலும் சமமாகக் குறைப்பதும் சரிதானே?

நியாயமாகத் தெரிவதால் எல்லோரும் செய்கிறார்கள், விளைவு பின்னால் வருகிறது. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தபோது எண்ணெய், எரிவாயுத் துறை புதிய பொறியாளர்களையும் நிலவியலாளர்களையும் எடுப்பதைப் பல ஆண்டுகளுக்குக் கடுமையாகக் குறைத்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், ஓய்வை நெருங்கும் பெரிய கூட்டம் ஒரு பக்கம், அனுபவமில்லாத இளைஞர்கள் மறுபக்கம், பொறுப்பை ஏற்க வேண்டிய நடு வயதுத் தலைமுறையே மெலிந்துபோயிருந்தது. அந்தத் துறையினர் இதற்கு "பெரும் குழு மாற்றம்" என்று தனிப் பெயரே வைத்துப் பேசினார்கள்.

ஆகவே குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், உருவாக அதிக காலம் பிடிக்கும் திறமைகளைக் கடைசியாகத் தொடுங்கள், விரைவில் திரும்பப் பெறக்கூடியவற்றில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் வேலை நேரத்தைக் குறைப்பது, வேறு பிரிவுக்கு மாற்றுவது, விருப்பமுள்ளவர்களுக்கு நீண்ட விடுப்பு தருவது ஆகியவற்றை உண்மையாகவே முயன்று பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வோர் ஆண்டும் சில இளையவர்களை எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வேலை ஒரு குடும்பத்தின் மாதாந்திர வாழ்க்கை என்பதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்த உத்தியையும் என்னால் நல்ல உத்தி என்று ஏற்க முடியாது.

எந்த எண்களைத் தொடர்ந்து பார்ப்பது?

மனிதவளம் குறித்த அறிக்கையிடலுக்கு, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 30414 என்ற வழிகாட்டுதல் 2018 டிசம்பரில் வந்தது. அதில் விலகல், திறன் வளர்ச்சி, தலைமை, வாரிசுத் திட்டம், பணியிடப் பாதுகாப்பு என்று நிறைய அளவுகள் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பும் 2020 முதல் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிடம் மனிதவளம் பற்றிய முக்கிய விவரங்களைக் கேட்கிறது. எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். முக்கியப் பணிகளில் எத்தனைக்குத் தயாரான மாற்று ஆள் இருக்கிறார், அந்தப் பணிகளில் இருந்து நாம் இழக்க விரும்பாதவர்கள் எத்தனை பேர் போனார்கள், காலியிடங்களில் எத்தனை உள்ளிருந்து நிரம்பின, புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் இருக்கிறார்கள். இந்த நான்கோடு தொடங்குங்கள்.

"எத்தனை நாளில் ஆளெடுத்தோம்" என்ற எண்ணை இலக்காக வைப்பவர்கள் ஜாக்கிரதை. வேகத்துக்குப் பரிசு கொடுத்தால் வேகம் வரும், கிடைத்தவரை எடுத்துப் போட்டுவிடுவார்கள், ஓராண்டில் அந்த இடம் மறுபடி காலியாகும்.

நல்ல ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியேறும்போது நடத்தும் நேர்காணலில் பெரும்பாலானோர் "நல்ல வாய்ப்பு வந்தது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இருக்கும்போதே கேளுங்கள். நன்றாகச் செய்யும் ஒருவரிடம் அவருடைய மேலாளர் ஆண்டுக்கு இரண்டு முறை, சம்பள உயர்வுப் பேச்சோடு கலக்காமல், "இங்கே உங்களைத் தொடர்ந்து வைத்திருப்பது எது, போகலாமா என்று கடைசியாக நினைத்தது எப்போது" என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கேட்டதில் ஒன்றையாவது சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

எங்களுடையது இருபது பேர் கொண்ட நிறுவனம். இதெல்லாம் எங்களுக்குத் தேவையா?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் ஒருவர் போனால் ஐந்து சதவீதம் போகிறது. ஆனால் ஒரு தாளில் முடியும் வேலை. இடது பக்கம் நிறுவனத்தின் முக்கிய வேலைகள், மேலே பெயர்கள், யாருக்கு எது தெரியும் என்று கட்டங்களில் குறியுங்கள். ஒரே ஒரு குறி உள்ள வரிசைகளை முதலில் சரிசெய்யுங்கள். அதை முடித்த பிறகு அடுத்த ஆண்டு நீங்கள் புதிதாகச் செய்ய நினைப்பதை இரண்டு வரிசையாகச் சேருங்கள், அங்கே குறியே இருக்காது. அதுதான் உங்கள் ஆளெடுப்பு மற்றும் பயிற்சித் திட்டம்.

இதையெல்லாம் ஊழியர்களிடம் சொல்லலாமா? பயந்து ஓடிவிட மாட்டார்களா?

எந்த வேலை மாறப் போகிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே ஊகம் இருக்கிறது, நாம் சொல்லாததை வதந்தி சொல்லும். தனிப்பட்டவர்களின் மதிப்பீட்டையும் வாரிசுப் பட்டியலையும் வெளியிட வேண்டாம். ஆனால் நிறுவனம் எந்தத் திசையில் போகிறது, எந்தத் திறமைகளின் தேவை கூடும், எவற்றின் தேவை குறையும், மாற விரும்புகிறவர்களுக்கு என்ன வழி வைத்திருக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உறுதி தர முடியாததற்கு உறுதி தராதீர்கள். இரண்டு ஆண்டு முன்கூட்டிச் சொல்லப்பட்டால் ஒருவரால் வேறொன்றைக் கற்றுக்கொள்ள முடியும், இரண்டு வாரம் முன்பு சொல்லப்பட்டால் முடியாது.

மேலிடம் இதைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

மனிதவள மொழியில் பேசாதீர்கள். "திறன் மேம்பாடு தேவை" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். "அடுத்த ஆண்டு நீங்கள் திறக்க நினைக்கும் புதிய பிரிவுக்கு எட்டுப் பேர் வேண்டும், அவர்கள் தயாராகப் பதினான்கு மாதம் ஆகும், இந்த மாதம் தொடங்காவிட்டால் திறப்பு தள்ளிப்போகும், ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் இவ்வளவு வருமானம் போகும்" என்று சொல்லிப் பாருங்கள். நிதிப் பிரிவின் தலைவரை முன்கூட்டியே பார்த்து அந்த எண்ணை அவரையே சரிபார்க்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போவது இன்னும் நல்லது.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை திருத்துவது? ஆவணம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

முக்கியப் பணிகளின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை, எண்ணிக்கைக் கணக்கை ஆண்டுக்கு இருமுறை, சூழல்களை ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் பெரிய வாடிக்கையாளர் போனாலோ புது தொழில்நுட்பம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே எடுத்துத் திருத்துங்கள். நீளம் ஐந்தாறு பக்கம் போதும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே பொறுப்பானவரின் பெயரும் தொடங்கும் மாதமும் இருக்கட்டும். அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் எச்.ஆர். பிரிவுக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும்.